டிவியில் ஓடாத வீடியோ: பெட்டியும் கோடெக்கும் அறிந்து சரிசெய்ய ஒரு முழு வழிகாட்டி

கோலாலம்பூரில் ஒரு தமிழ் வீட்டு அலமாரியைத் திறந்தால் முப்பது நாற்பது வருடத்து வீடியோ சரித்திரமே கிடைக்கும். எஸ்டேட் மண்டபத்தில் நடந்த கல்யாணத்தின் விஎச்எஸ் டேப், பிறகு அதைக் கடையில் கொடுத்து மாற்றிய விசிடி, தங்கச்சி சடங்கின் டிவிடி, பத்துமலையில் மாமா காவடி எடுத்ததைப் பிடித்த ஹேண்டிகேம் கோப்புகள், சமீபத்துக் கல்யாணத்துக்கு வீடியோகிராபர் கொடுத்த பென்டிரைவ். இவை போதாதென்று கைப்பேசியில் இருப்பவை, வாட்ஸ்அப்பில் வந்தவை.

இதில் ஏதாவது ஒன்று டிவியில் ஓடாவிட்டால் பலரும் உடனே செய்வது, இணையத்தில் ஒரு கன்வர்ட்டரைத் தேடி இறக்கி, கோப்பை மாற்றிவிட்டு, பழையதை அழித்துவிடுவது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். வீடியோவை மறுபடி சுருக்கும் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறைகிறது. போன தரம் திரும்பி வராது. இறந்துபோன தாத்தாவின் முகம் அதில் இருக்கிறது என்றால் இது சின்ன விஷயம் அல்ல. பல நேரங்களில் மாற்றவே தேவையில்லை. என்ன காரணத்தால் ஓடவில்லை என்று முதலில் பார்த்தால் போதும். அதைப் பார்க்கக் கற்றுக்கொள்வதற்குத்தான் இந்த வழிகாட்டி.

பெட்டி வேறு, உள்ளே இருப்பது வேறு

கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எம்பி4, எம்கேவி, ஏவிஐ, எம்ஓவி எல்லாம் வெளிப் பெட்டியின் பெயர்கள். டிபன் கேரியர் மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்: அடுக்குகளில் படம் ஒன்று, ஒலி ஒன்று, சப்டைட்டில் ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். வெளியே பார்த்து உள்ளே என்ன குழம்பு என்று சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் படத்தையும் ஒலியையும் எந்த முறையில் சுருக்கியிருக்கிறார்கள் என்பதுதான் கோடெக். எம்பி4 என்ற ஒரே பெட்டிக்குள் எச்.264 இருக்கலாம், எச்.265 இருக்கலாம், ஏவி1 கூட இருக்கலாம். ஒன்று உங்கள் டிவியில் ஓடும், மற்றொன்று ஓடாது. "எம்பி4 தானே, ஏன் ஓடவில்லை?" என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

கோப்பின் பின்னொட்டை எம்கேவியிலிருந்து எம்பி4 என்று பெயர் மாற்றினால் உள்ளே எதுவும் மாறாது. அதனால் பயன் இல்லை.

சுருக்குவது ஏன்? முழு எச்டி படம் ஒன்றில் 1920 × 1080 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 3 பைட், நொடிக்கு 25 படம் என்று கணக்குப் போட்டால், நொடிக்கு ஏறக்குறைய 155 மெகாபைட் வரும். ஒரு மணி நேரத்துக்கு 560 ஜிபி. இதைச் சில ஜிபிக்குள் கொண்டுவருவது கோடெக்கின் வேலை. சில படங்களை முழுதாக வைத்துக்கொண்டு, இடையில் வரும் படங்களுக்கு "முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது" என்பதை மட்டும் அது எழுதிவைக்கிறது. மணவறையில் மாப்பிள்ளையும் பெண்ணும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் காட்சி நன்றாகச் சுருங்கும். தைப்பூசக் கூட்டம் அப்படியில்லை. மயிலிறகுக் காவடி சுழல, சாம்பிராணிப் புகை எழ, ஆயிரம் தலைகள் அசைய, ஒவ்வொரு படத்திலும் எல்லாமே மாறுகிறது. அதே அளவுக்குள் அடக்கினால் படம் கட்டம் கட்டமாக உடையும். கைப்பேசியில் எடுத்த காவடிக் காட்சி வாட்ஸ்அப்பில் போனதும் கலங்கிப்போவதற்கு இதுதான் காரணம்.

அடிக்கடி கண்ணில் படும் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். விசிடியில் எம்பெக்-1. டிவிடியில் எம்பெக்-2. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் இணையத்தில் சுற்றிய ஏவிஐ கோப்புகளில் பெரும்பாலும் டிவெக்ஸ் அல்லது எக்ஸ்விட். 2003இல் வந்த எச்.264 இன்றும் எங்கும் ஓடும் கோடெக். எதில் கொடுப்பது என்று குழப்பமாக இருந்தால் அதையே எடுங்கள். 2013இல் வந்த எச்.265க்கு ஹெச்இவிசி என்றும் பெயர். ஏறக்குறைய பாதி அளவில் அதே தரத்தைத் தரும், ஆனால் பழைய சாதனங்களில் ஓடாது. கூகுளின் விபி9, பல நிறுவனங்கள் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஏவி1 இரண்டும் பெரும்பாலும் யூடியூப் போன்ற ஒளிபரப்புத் தளங்களில் வேலை செய்பவை. வீட்டுக் கோப்புகளில் இவற்றை அதிகம் பார்க்க மாட்டீர்கள்.

படி 1: உள்ளே பாருங்கள்

கணினியில் விஎல்சி இருந்தால் கோப்பை அதில் திறந்து, டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்ஃபர்மேஷன் என்பதைச் சொடுக்குங்கள். பாரிஸில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்களின் வேலையாகத் தொடங்கிய இலவச மென்பொருள் இது. தனக்கு வேண்டிய கோடெக்குகளைத் தானே வைத்திருப்பதால் ஏறக்குறைய எதையும் ஓட்டும். விஎல்சியில் ஓடுகிறது, டிவியில் ஓடவில்லை என்றால் கோப்பு கெட்டுப்போகவில்லை என்று நிம்மதி அடையலாம்.

இன்னும் விவரமாகப் பார்க்க மீடியாஇன்ஃபோ என்ற சிறு மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸுக்கு இலவசம். அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். "கோடெக் பேக்" என்று தெரியாத தளங்கள் கொடுப்பதைத் தொடவே வேண்டாம். வைரஸ் நுழைவதற்கு அது நல்ல வாசல், விஎல்சி இருக்கும்போது அது தேவையும் இல்லை.

மீடியாஇன்ஃபோ நிறைய வரிகளைக் காட்டும். நீங்கள் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். வீடியோ பகுதியில் ஃபார்மட் (கோடெக்), புரொஃபைல் (அதன் உள்வகை), பிட் டெப்த் (ஒரு வண்ணத்தை எத்தனை பிட்டில் பதிந்திருக்கிறது), குரோமா சப்சாம்ப்ளிங் (வண்ணத் தகவல் எவ்வளவு), அகலம் உயரம், ஸ்கேன் டைப் (படம் முழுதாகப் பதிந்ததா, பாதி பாதியாகவா). ஆடியோ பகுதியில் ஃபார்மட். மேலே மொத்த அளவும் பிட்ரேட்டும் (நொடிக்கு எவ்வளவு தகவல், எம்பிபிஎஸ் அதாவது மெகாபிட் கணக்கில்).

ஒரு கல்யாணக் கோப்பை எடுத்துக்கொள்வோம். பெட்டி எம்பி4, வீடியோ ஹெச்இவிசி, 3840 × 2160, 10 பிட், குரோமா 4:2:2, பிட்ரேட் 100 எம்பிபிஎஸ், நேரம் 24 நிமிடம், அளவு 18 ஜிபி. இந்த ஒரே வரியில் மூன்று சிக்கல் ஒளிந்திருக்கிறது. 4கே ஹெச்இவிசியைப் பழைய டிவி ஏற்காது. புது டிவி ஹெச்இவிசியை, 10 பிட்டைக்கூட ஏற்கும், ஆனால் 4:2:2ஐ ஏற்காது. டிவிகளில் உள்ள சிப்புகள் பொதுவாக 4:2:0க்காகச் செய்யப்பட்டவை. 4:2:2 என்பது வண்ணத் தகவல் அதிகம் உள்ள வகை, எடிட்டிங் மேசைக்கு உரியது. மூன்றாவது, 18 ஜிபி கோப்பு எல்லாப் பென்டிரைவிலும் ஏறாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

படி 2: எப்படி ஓடவில்லை என்பதைக் கவனியுங்கள்

"ஓடவில்லை" என்ற ஒரே சொல்லில் பல நோய்கள் இருக்கின்றன. அறிகுறியைக் கொண்டு காரணத்தைப் பிடிக்கலாம்.

டிவி பென்டிரைவையே காட்டவில்லை என்றால், வீடியோவைக் குறை சொல்லாதீர்கள். பென்டிரைவ் எந்த முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஃபேட்32 எல்லா டிவியிலும் ஓடும், ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பை அதில் வைக்க முடியாது. இடம் 64 ஜிபி இருந்தாலும் "கோப்பு பெரிது" என்று கணினி மறுப்பது இதனால்தான். எக்ஸ்ஃபேட்டில் அந்தத் தடை இல்லை, இப்போதைய டிவிகள் பெரும்பாலும் அதை ஏற்கின்றன. பழைய டிவியானால் என்டிஎஃப்எஸ் முயன்று பாருங்கள். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும், முதலில் நகல் எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

ஒலி வருகிறது, படம் கறுப்பாக இருக்கிறது என்றால் வீடியோ கோடெக்கை டிவி அறியவில்லை என்று அர்த்தம். மேலே சொன்ன ஹெச்இவிசி 4:2:2 ஒரு காரணம். எச்.264இல் 10 பிட்டாக இருப்பதும் இப்படித்தான் சிக்கும். பெயர் எச்.264 என்று இருந்தாலும் டிவி சிப்புகள் அதன் 8 பிட் வகையை மட்டுமே அறிந்திருக்கும்.

படம் வருகிறது, ஒலி இல்லை. இதற்கு டிடிஎஸ் என்ற ஒலி முறை அடிக்கடி காரணம். உரிமக் கட்டணத்தின் பொருட்டு சில டிவி நிறுவனங்கள் தங்கள் புது மாடல்களில் டிடிஎஸ்ஸை விட்டுவிட்டன. அதனால் பத்து வருடப் பழைய டிவியில் ஒலியோடு ஓடிய கோப்பு புது டிவியில் ஊமையாகிவிடும். ஏஏசி, எம்பி3, டால்பியின் ஏசி-3 ஆகியவை ஏறக்குறைய எங்கும் ஓடும்.

படம் விட்டு விட்டு ஓடினால் பிட்ரேட் அதிகம், அல்லது சாதனத்தில் அந்தக் கோடெக்குக்கான சிப் இல்லாமல் மென்பொருளே கணக்குப் போட்டுத் திணறுகிறது. கோலாலம்பூரின் மின்னணுப் பொருள் அங்காடியான லோ யாட் பிளாசாவில் விலை குறைந்த ஆண்ட்ராய்டு பெட்டி வாங்குபவர்கள் "4கே" என்ற ஸ்டிக்கரை மட்டும் பார்க்கிறார்கள். ஹெச்இவிசி 10 பிட்டையும் ஏவி1ஐயும் வன்பொருளில் ஓட்டுமா என்று கடைக்காரரைக் கேளுங்கள். முடிந்தால் உங்கள் பென்டிரைவைக் கொண்டுபோய் அங்கேயே ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

அசையும் உருவத்தின் ஓரத்தில் சீப்புப் பல் போல் கோடுகள் தெரிந்தால் அது இன்டர்லேஸ்டு வீடியோ. மலேசியா பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறையைப் பின்பற்றிய நாடு. நொடிக்கு 25 படம், ஒவ்வொன்றும் ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று இரண்டு பாதியாகப் பதியும். பழைய குழாய் டிவிக்கு அது பொருந்தியது. இப்போதைய திரையில் இரண்டு பாதியும் ஒரே நேரத்தில் தெரிவதால் கோடுகள் வருகின்றன. விஎல்சியில் வீடியோ மெனுவில் டிஇன்டர்லேஸ் என்பதை இயக்கினால் போய்விடும். கோப்பில் ஒரு குறையும் இல்லை.

ஆட்கள் குண்டாகவோ ஒல்லியாகவோ தெரிந்தால் விகிதம் தவறு. டிவிடியின் 720 × 576 படத்தை 4:3ஆகவும் காட்டலாம், 16:9ஆகவும் காட்டலாம். எதுவென்று கோப்பில் ஒரு குறிப்பு இருக்கும், சில பிளேயர்கள் அதைப் படிக்காமல் விட்டுவிடும். டிவி ரிமோட்டிலேயே சரிசெய்துகொள்ளலாம்.

படி 3: மாற்றாமலே தீர்க்க முயலுங்கள்

முதல் வழி, மடிக்கணினியை எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்து விஎல்சியில் ஓட்டுவது. இது அலுப்பான வழி என்று தோன்றலாம், ஆனால் தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து ஒரு மாலை பழைய வீடியோ பார்ப்பதற்கு இதைவிட எளிது வேறில்லை. ஆண்ட்ராய்டு டிவியாக இருந்தால் பிளே ஸ்டோரிலிருந்து விஎல்சி செயலியை இறக்கிப் பாருங்கள். டிவியின் சொந்த பிளேயர் மறுக்கும் பல கோப்புகள் அதில் ஓடும். ஊமையாகிப்போன டிடிஎஸ் ஒலியும் பெரும்பாலும் கேட்கும்.

இரண்டாவது வழி, பெட்டியை மட்டும் மாற்றுவது. உள்ளே எச்.264 இருக்கிறது, ஆனால் பெட்டி எம்கேவியாகவோ ஹேண்டிகேமின் எம்டிஎஸ்ஸாகவோ இருப்பதால் டிவி திறக்கவில்லை என்றால், படத்தைத் தொடாமல் எம்பி4 பெட்டிக்குள் எடுத்து வைத்துவிடலாம். இதற்கு ரீமக்ஸ் என்று பெயர். தரம் துளியும் குறையாது, ஒரு மணி நேர வீடியோ சில நிமிடத்தில் முடிந்துவிடும். லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருளில் கோப்பை இழுத்துப் போட்டு, வெளிவரும் வடிவத்தை எம்பி4 என்று தேர்ந்தெடுத்து எக்ஸ்போர்ட் கொடுத்தால் போதும். கைப்பேசி வீடியோவின் தேவையில்லாத தொடக்கத்தை வெட்டவும் இதுவே நல்லது. வெட்டு நீங்கள் சொன்ன நொடியில் சரியாக விழாமல் சற்று முன்பின் விழலாம். முழுப் படம் பதிந்துள்ள இடத்தில்தான் தரம் குறையாமல் வெட்ட முடியும் என்பதால் அப்படி ஆகிறது.

ஒலி மட்டும் டிடிஎஸ் என்றால் படத்தை அப்படியே விட்டு ஒலியை மட்டும் மாற்றுங்கள். அவிடிமக்ஸ் என்ற மென்பொருளில் வீடியோ அவுட்புட்டை "காப்பி" என்றும், ஆடியோ அவுட்புட்டை ஏசி-3 அல்லது ஏஏசி என்றும் வைத்துச் சேமிக்கலாம். ஒலிக்காக முழு வீடியோவையும் மறுபடி சுருக்கிக் கெடுப்பதைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

படி 4: வேறு வழியில்லை என்றால் மாற்றுங்கள், ஆனால் கவனமாக

இதற்கு ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள். இலவசம், விளம்பரம் இல்லை, படத்தின் மேல் முத்திரை குத்தாது. ஹேண்ட்பிரேக் எப்போதும் படத்தை மறுபடி சுருக்கும் என்பதால் இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

கோப்பைத் திறந்ததும் பிரீசெட் பட்டியலில் "ஃபாஸ்ட் 1080பி30" என்பதை எடுங்கள். நொடிக்கு 50 அல்லது 60 படம் உள்ள கோப்பானால் பிரேம் ரேட்டை "சேம் அஸ் சோர்ஸ்" என்று மாற்றிவிடுங்கள். அருகில் உள்ள "கான்ஸ்டன்ட்" என்பதையும் தேர்ந்தெடுங்கள். கைப்பேசிகள் வெளிச்சத்துக்கு ஏற்ப நொடிக்கு எத்தனை படம் என்பதை மாற்றிக்கொண்டே பதியும். அது எடிட்டிங்கில் போகும்போது உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று விலகும். கான்ஸ்டன்ட் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

வீடியோ தாவலில் கோடெக் எச்.264, தரத்துக்கு ஆர்எஃப் என்ற எண். எண் குறைந்தால் தரம் கூடும், அளவும் கூடும். 1080பிக்கு 20 வைத்துத் தொடங்குங்கள். டிவிடி அளவுப் பழைய கோப்புக்கு 18. காவடி, கூட்டம், நடனம் என்று அசைவு அதிகம் என்றால் ஒன்றிரண்டு எண் இறக்குங்கள். இன்டர்லேஸ்டு கோப்பானால் ஃபில்டர்ஸ் தாவலில் டிஇன்டர்லேஸை இயக்க மறக்காதீர்கள். ஒலிக்கு ஏஏசி போதும்.

முழுக் கோப்பையும் உடனே போட்டுவிடாதீர்கள். ரேஞ்சில் நொடிகளைத் தேர்ந்தெடுத்து, அசைவு அதிகமுள்ள ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றி, அதைப் பென்டிரைவில் போட்டு, அதே டிவியில் பாருங்கள். சரியாக இருந்தால் ராத்திரி படுக்கப் போகும்போது முழுதையும் ஓடவிடுங்கள்.

எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கணக்கிட ஒரு எளிய வழி: பிட்ரேட்டை நொடிகளால் பெருக்கி 8ஆல் வகுங்கள். இரண்டரை மணி நேரம் என்பது 9,000 நொடி. 8 எம்பிபிஎஸ் என்றால் 72,000 மெகாபிட், அதாவது 9 ஜிபி. ஃபேட்32 பென்டிரைவில் அது ஏறாது என்று மாற்றுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

தமிழ் சப்டைட்டில் சரியாக வர

இது நம் தமிழ் எழுத்தோடு வரும் சிக்கல், பொதுவான வழிகாட்டிகளில் அதிகம் கிடைக்காது. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்காக ஆங்கிலத்திலோ, நம் வீட்டுப் பெரியவர்களுக்காகத் தமிழிலோ எழுத்து சேர்க்கும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. எஸ்ஆர்டி கோப்பு என்பது வெறும் எழுத்துக் கோப்பு: ஒரு எண், தொடங்கும் நேரம் முடியும் நேரம், கீழே வாசகம். வீடியோவின் பெயரும் எஸ்ஆர்டியின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், அப்போதுதான் டிவி தானாக எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் ரோமன் எழுத்தில் பெயர் வைப்பது பாதுகாப்பு. பல டிவிகளில் தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகத் தெரியும்.

வாசகம் முழுக்கப் புரியாத குறியீடுகளாகத் தெரிந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, இன்றைய பொது எழுத்து முறையான யுனிகோடில் எழுதியிருந்தும் அதற்குரிய யுடிஎஃப்-8 வடிவில் சேமிக்கவில்லை. நோட்பேடில் திறந்து, சேவ் அஸ் கொடுத்து, என்கோடிங்கை யுடிஎஃப்-8 என்று வைத்தால் தீரும். மற்றொன்று, வாசகம் பழைய எழுத்துரு முறையில் தட்டச்சு செய்யப்பட்டது. பாமினி, திஸ்கி போன்றவை. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலின் பழைய பதிப்புகளைப் பயன்படுத்திய குடும்பங்களில், சங்கங்களில் இப்படிப்பட்ட கோப்புகள் இன்னும் இருக்கும். அவற்றை முதலில் யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். அதற்கான இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு. வெறுமனே யுடிஎஃப்-8 என்று சேமித்தால் எதுவும் ஆகாது.

எழுத்து தமிழாகவே வருகிறது, ஆனால் உடைந்து வருகிறது என்றால் டிவிதான் காரணம். "கெ" என்பதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டும், "கொ" என்பதில் இரண்டு பக்கமும் வர வேண்டும். எழுத்துகளைக் கோக்கத் தெரியாத டிவி, கொம்பைப் பின்னால் போட்டுவிடும். இதற்கு உறுதியான தீர்வு எழுத்தைப் படத்திலேயே பதித்துவிடுவது. ஹேண்ட்பிரேக்கில் சப்டைட்டில்ஸ் தாவலில் எஸ்ஆர்டியை உள்ளே எடுத்து, "பர்ன் இன்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நிமிடம் சோதித்துப் பாருங்கள். பதித்ததை நீக்க முடியாது, ஆகவே எழுத்தில்லாத மூலக் கோப்பு தனியே இருக்கட்டும்.

பழைய வட்டுகளும் கேமராக்களும்

விசிடியைக் கணினியில் திறந்தால் எம்பெக்ஏவி என்ற கோப்புறையில் டேட் (.dat) கோப்புகள் இருக்கும். விஎல்சியிலேயே ஓடும். படம் 352 × 288 அளவுதான், அதைப் பெரிதாக்கும் மென்பொருள்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஆனால் நகலெடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். சாதாரண டேட்டா சிடியில் இருக்கும் கூடுதல் பிழைத்திருத்தத் தகவல், விசிடியின் வீடியோ பகுதியில் இல்லை. அந்த இடத்தையும் படத்துக்கே எடுத்துக்கொண்டார்கள். அதனால் ஒரு கீறல் கூடப் படத்தில் தெரியலாம். நம் ஊர் ஈரக் காற்றில் டேப்புகளில் பூஞ்சையும் பிடிக்கும். வெள்ளைப் பூ பூத்த விஎச்எஸ் டேப்பை வீட்டு பிளேயரில் போடாதீர்கள், பிளேயரும் கெட்டு மற்ற டேப்புகளுக்கும் பரவும். சுத்தம் செய்யத் தெரிந்த கடையில் கொடுங்கள். கொடுக்கும்போது "எம்பெக்-2 அல்லது எச்.264, 720 × 576, 25 பிரேம்" என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டு விசேஷத்தின் டிவிடியில் விஓபி கோப்புகள் 1 ஜிபி துண்டுகளாக இருக்கும். வீடியோ_டிஎஸ் கோப்புறையை முழுதாக நகலெடுத்து வையுங்கள். ஹேண்ட்பிரேக்கில் அந்தக் கோப்புறையையே திறந்தால் துண்டுகள் தாமாக இணைந்து வரும்.

ஹேண்டிகேமின் எம்டிஎஸ் கோப்புகளுக்கும் இதே விதி: தனிக் கோப்பை மட்டும் எடுக்காமல் ஏவிசிஎச்டி கோப்புறை முழுவதையும் எடுங்கள். நீண்ட காட்சிகளை கேமரா துண்டு போட்டிருக்கும், எது எதோடு சேரும் என்ற தகவல் மற்ற சிறு கோப்புகளில் இருக்கிறது.

கைப்பேசியும் கோயில் நேரலையும்

2017க்குப் பிந்தைய ஐபோன்கள் இயல்பாகவே ஹெச்இவிசியில் பதிகின்றன. வீட்டில் பழைய டிவி, பழைய கணினி என்றால் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ், "மோஸ்ட் கம்பேட்டிபிள்" என்று வைத்துவிடுங்கள், எச்.264இல் பதியும். வெளிச்சத்தையும் நிழலையும் கூடுதலாகப் பதியும் எச்டிஆர் வீடியோவையும் நிறுத்திவிடலாம். அது இயங்கும் நிலையில் எடுத்த படம் புரொஜெக்டரிலும் பழைய திரையிலும் வெளிறித் தெரியும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது கேலரி வழியாக அனுப்பாமல் "டாக்குமென்ட்" வழியாக அனுப்புங்கள். 2 ஜிபி வரை அப்படியே போகும், சுருக்காது.

பேட்டரி தீர்ந்து பாதியில் நின்ற எம்பி4 கோப்பு திறக்காது. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை, பதிவு முடியும்போதுதான் கைப்பேசி எழுதும். அதை எழுதுவதற்குள் நின்றுபோனால் உள்ளே படம் இருந்தும் வழி தெரியாது. அழித்துவிடாதீர்கள். அதே கைப்பேசியில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொண்டு அட்டவணையைத் திரும்பக் கட்டும் அன்ட்ரங்க் போன்ற கருவிகள் இருக்கின்றன. கோயில் திருவிழாவை ஓபிஎஸ் என்ற மென்பொருளில் நேரலை செய்யும் இளைஞர்கள் இதனால்தான் பதிவை எம்கேவியில் வைக்க வேண்டும். மின்சாரம் போனாலும் அதுவரை பதிந்தது ஓடும். முடிந்தபின் ஃபைல் மெனுவில் உள்ள ரீமக்ஸ் மூலம் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம்.

வீடியோகிராபரிடம் முன்பே சொல்லுங்கள்

ஆயிரக்கணக்கில் வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து எடுக்கும் கல்யாண வீடியோவுக்கு, எந்த வடிவில் வேண்டும் என்று கேட்கும் குடும்பம் அபூர்வம். முன்பணம் கொடுக்கும் அன்றே இரண்டு பிரதி கேளுங்கள். ஒன்று டிவிக்கு: எம்பி4 பெட்டி, எச்.264, 8 பிட், 4:2:0, 1080பி, ஏஏசி ஒலி. மற்றொன்று பாதுகாக்க: அவர் எடிட் செய்து வெளியிட்ட மிக உயர்ந்த தரத்துக் கோப்பு, 4கே ஆனாலும் பரவாயில்லை, உங்கள் டிவியில் ஓடாவிட்டாலும் பரவாயில்லை. பத்து வருடம் கழித்து வாங்கும் டிவியில் அது ஓடக்கூடும். உயர்தரப் பிரதியை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கிலும், இன்னொன்றை அண்ணன் வீட்டிலோ கிளவுடிலோ வையுங்கள். பென்டிரைவை நிரந்தரச் சேமிப்பாக நம்ப வேண்டாம்.

வரவேற்பில் பெரிய திரையில் குழந்தைப் பருவப் படங்களை ஓட்டப்போகிறீர்கள் என்றால், மண்டபத்தின் கணினியில் என்ன பிளேயர் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். மேலே சொன்ன டிவி பிரதி வடிவிலேயே கோப்பைச் செய்து, முதல் நாள் அலங்காரம் செய்ய ஆட்கள் போகும்போது கூடவே போய், அந்தக் கணினியில் தொடக்கம் முதல் கடைசி வரை ஒலியோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். விஎல்சி நிறுவப்பட்ட ஒரு மடிக்கணினியும் எச்டிஎம்ஐ கேபிளும் கையோடு இருக்கட்டும்.